வளையாத உடம்புக்கும் ஆசனம் உண்டு

"எனக்கு உடம்பு வளையாது. யோகாசனம் எனக்குச் சரிவராது." யாழ்ப்பாணத்தில் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடம் இந்தப் பேச்சை எடுத்தாலும் முதலில் வருகிற மறுமொழி இதுதான். சொல்லிவிட்டு நாரியைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருப்பார்கள். நாரிப்பிடிப்புக்கு எண்ணெய் பூசுவார்கள், குளிசை போடுவார்கள், நிலத்தில் விழுந்த திறப்பை எடுத்துத்தரப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். ஆசனத்தை மட்டும் இளம் பிள்ளைகளுக்கு என்று விட்டுவிடுவார்கள்.

தேத்தண்ணியைக் கையில் எடுங்கோ. இதை ஆறுதலாய்த்தான் கதைக்கவேண்டும். உடம்பு இறுகிப்போனவர்தான் முதலில் தொடங்கவேண்டியவர் என்பது என் உறுதியான எண்ணம். நன்றாக வளைகிறவருக்கு ஆசனத்தால் கிடைக்கிற பயனைவிட, குனிந்து செருப்பு மாட்டக் கஷ்டப்படுகிறவருக்குக் கிடைக்கிற பயன் பெரிது. அவர் தொடங்குகிற வழிதான் வேறு.

முதலில் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் போட்ட படத்தை நாட்காட்டியிலும் பத்திரிகையிலும் கண்டு கண்டு, அதுதான் யோகம் என்று மனத்தில் பதிந்துவிட்டது. அந்தப் படங்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1930களில் மைசூர் மகாராசாவின் ஆதரவோடு அரண்மனையில் ஒரு யோகசாலையை நடத்தியவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். அவரிடம் பழகியவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். யோகம் என்றால் என்னவென்று மக்களுக்குக் காட்டி அவர்களை ஈர்க்க, அந்தப் பையன்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் மேடையில் செய்துகாட்டினார். மேடையில் காட்டுவதற்குக் கண்ணைக் கவர்கிற ஆசனம்தான் வேண்டும். வளர்கிற வயதுப் பையனின் உடம்பு எப்படியும் வளையும். அந்த வயதுக்கும் அந்த மேடைக்கும் பொருந்தியதை ஐம்பது வயதில் மேசையில் இருந்து வேலைசெய்கிற நாம் அளவுகோலாய் எடுத்துக்கொண்டோம்.

அந்த மைசூர் மாணவர்களில் ஒருவரின் கதையை இறுகிய உடம்போடு இருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துவைக்கவேண்டும். பி.கே.எஸ். ஐயங்கார் 1918ஆம் ஆண்டு டிசெம்பரில், உலகம் முழுக்க விசக்காய்ச்சல் பரவிய நேரத்தில், கர்நாடகத்தில் பெல்லூர் என்ற ஊரில் பிறந்தவர். மலேரியா, நெருப்புக்காய்ச்சல், காசநோய் எல்லாம் அவரைப் பிடித்தன. கிருஷ்ணமாச்சாரியார் அவருடைய அக்காவின் கணவர். 1934இல், பதினைந்து வயதில், அத்தானின் வீட்டுக்கு மைசூர் போனபோது பையனுக்கு நோஞ்சான் உடம்பு. குனிந்தால் கைவிரல் முழங்காலுக்குக் கீழே போகாத நிலை. அப்படித் தொடங்கியவர்தான் பின்னாளில் உலகம் அறிந்த யோகாசன ஆசிரியர் ஆனார்.

கதையின் மற்றப் பாதிதான் எனக்கு முக்கியம். ஒருநாள் வந்திருந்தவர்களுக்கு முன்னால் அனுமனாசனம் செய்துகாட்டச் சொன்னார் குரு. ஒரு காலை முன்னுக்கும் மற்றக் காலைப் பின்னுக்கும் நீட்டி முழுக்க நிலத்தில் இறங்குகிற ஆசனம் அது. பையனுக்குப் பழக்கமில்லை. காற்சட்டை இறுக்கம் என்று சாட்டுச் சொல்லிப் பார்த்தான். கத்தரிக்கோலால் காற்சட்டையை வெட்டிவிட்டுச் செய்யச் சொன்னார் குரு. செய்தான், தொடையின் பின்தசை கிழிந்தது. நெடுநாள் நடக்கக் கஷ்டப்பட்டான். பிறகு புனேயில் ஆசிரியராய் இருந்த காலத்தில் ஐயங்கார் தன்னிடம் வந்த நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் வார்ப்பட்டி, மரக்கட்டை, கயிறு, கதிரை, மடித்த போர்வை என்று கையில் கிடைத்ததை எல்லாம் துணைக்குக் கொடுத்து ஆசனத்தை ஆளுக்கு ஏற்ப மாற்றினார். கிருஷ்ணமாச்சாரியாரும் சென்னைக்கு வந்த பிறகு அந்தப் பழைய முறையிலிருந்து வெகுதூரம் விலகி, வயதையும் வருத்தத்தையும் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாய்ச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய மகன் ரி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் இன்றும் அந்த வழியில் போகிறது. மேடைக்காகப் பையன்களைப் பழக்கிய குருவும், அவரிடம் அடிபட்டுப் பழகிய மாணவரும், ஆளாளுக்கு உடம்பு வேறு என்ற ஒரே இடத்துக்குத்தான் கடைசியில் வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் ஊரில் பெரிய அளவில் ஆசனம் செய்த நாள் பலருக்கு நினைவிருக்கும். 2016 யூன் 18ஆம் திகதி, புதுப்பித்த துரையப்பா விளையாட்டரங்கைத் திறந்த கையோடு சர்வதேச யோகா தினத்துக்காக ஆயிரக்கணக்கானோர் மைதானத்தில் ஒன்றாய் இருந்து ஆசனம் செய்தார்கள். விழாவுக்கு அது வடிவு. பழகத் தொடங்குகிறவருக்கு அது இடமல்ல. கூட்டத்தில் இருந்தால் கண் பக்கத்து ஆளின் காலுக்குத்தான் போகும். அவர் தொடுகிற இடத்தை நானும் தொடவேண்டும் என்று உடம்பை இழுக்கத் தோன்றும். அப்படி இழுக்கிறபோதுதான் தசை பிடிக்கும். பிடித்தவர் அடுத்த வருடம் வரமாட்டார்.

யோகம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதாய் வந்த சாமானும் இல்லை. கொழும்புத்துறையில் இலுப்பை மரத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் இருந்த யோகர் சுவாமியை (1872–1964) எங்கள் வீடுகளில் படமாய் வைத்துக் கும்பிடுகிறோம். அவர் உடம்பை முறுக்கிக் காட்டி யாரையும் ஈர்க்கவில்லை. அசையாமல் இருக்கத் தெரிந்தவர். இன்னும் பின்னுக்குப் போனால் திருமூலர். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தைச் சொல்லும் இடத்தில் ஆசனங்களுக்கு ஒதுக்கிய பாட்டுகளைவிட மூச்சுக்கு ஒதுக்கியவை கூட. ஆசனங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறபோது சுகாதனத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறார். சப்பாணி கட்டிச் சுகமாய் இருப்பதும் ஆசனக் கணக்கில் சேர்ந்ததுதான். இதை முதல் நாளே மனத்தில் போட்டுக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

சரி, உடம்பு ஏன் வளையவில்லை? தொடைக்குப் பின்னால் இருக்கிற நீண்ட தசைகள், நாம் இருக்கும்போது பாரம் தாங்குகிற இருப்பெலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வந்து முடிகின்றன. நாள் முழுக்கக் கதிரையில் முழங்காலை மடித்து இருக்கிறவருக்கு அந்தத் தசை முழுநீளத்துக்கு நீளுகிற வேளையே வருவதில்லை. இது ஒரு பக்கம். மற்றப் பக்கம் நரம்பு. தசைக்குள் நீட்சியை அளக்கிற நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால் அவை முள்ளந்தண்டுக்குச் செய்தி அனுப்பும். தசையை இறுக்கச் சொல்லி அங்கிருந்து கட்டளை வரும். வைத்தியர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டக் கால் தானாய் உதறுகிறதே, அதுவும் இந்த வேலைதான். ஆகவே துள்ளித் துள்ளிப் பெருவிரலைத் தொடப் பார்க்கிறவர் தன் தசையைத் தானே இறுக்குகிறார். மெல்லப் போய், நின்று, மூச்சை ஆறுதலாய் வெளியே விட்டால் அந்தக் காவல் தளரும். தொடங்கிய முதல் கிழமைகளில் உடம்பு கொஞ்சம் கூடுதலாய் வளைவதற்குக் காரணம் தசை நீண்டது என்பதைவிட, அந்த நீட்சி ஆபத்தில்லை என்று நரம்பு ஏற்றுக்கொண்டது என்பதே பொருத்தம் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். நீங்கள் உங்கள் நரம்போடு ஒரு நம்பிக்கையை வளர்க்கிறீர்கள். அதட்டி அதை வளர்க்க முடியாது.

எங்கள் பழைய வீடுகளில் இதற்கென்று தனிப் பழக்கம் தேவைப்படவில்லை. தேங்காய் திருவ நிலத்தில் திருவலையில் இருந்தார்கள். கிடுகு பின்னக் காலை நீட்டி மணித்தியாலக் கணக்கில் இருந்தார்கள். பந்தியில் சப்பாணி கட்டிச் சாப்பிட்டார்கள். வெங்காயப் பாத்தியில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கினார்கள். ஒரு நாளில் எத்தனை தரம் நிலத்துக்கு இறங்கி எழும்பினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. இப்போது கலியாண வீட்டிலும் பிளாஸ்ரிக் கதிரை, குசினியில் நின்றபடி சமையல், கழிப்பறையில் கொமட், ஒழுங்கை முகப்புக் கடைக்கும் மோட்டச்சைக்கிள். முழங்கால் நோகிறவருக்குக் கதிரையும் கொமட்டும் பெரிய உதவி, அதைக் குறைசொல்ல மாட்டேன். நோகாதவரும் நிலத்தை விட்டுவிட்டதுதான் கவலை. பிரேசில் நாட்டில் 51 முதல் 80 வயதுவரையான 2002 பேரை நிலத்தில் இருந்து எழும்பச் சொல்லிப் பார்த்து, 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கையையும் முழங்காலையும் ஊன்றாமல் எழும்ப முடிந்தவர்களைவிட, பல இடத்தில் ஊன்றி எழும்பியவர்களில் அடுத்துவந்த ஆண்டுகளில் இறந்தவர்களின் பங்கு கூடுதலாய் இருந்தது. எழும்ப முடியாததே சாவுக்குக் காரணம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் உடம்பின் பலமும் வளைவும் சமநிலையும் எந்தளவில் இருக்கின்றன என்று அந்த ஒரு அசைவு காட்டிவிடுகிறது.

இனிச் செய்கிற விதம். எல்லாரும் பயப்படுகிற ஆசனத்தையே எடுப்போம்: காலை நீட்டி இருந்து முன்னுக்குக் குனிகிற பச்சிமோத்தானாசனம். படத்தில் மூக்கு முழங்காலில் இருக்கும். அந்தப் படத்தை மறந்துவிடுங்கோ.

ஒரு தடித்த தலையணையையோ நான்காய் மடித்த போர்வையையோ நிலத்தில் போட்டு, அதன் விளிம்பில் இருங்கோ. கையைப் பிட்டத்துக்குக் கீழே விட்டால் இரண்டு பக்கமும் ஓர் எலும்பு தட்டுப்படும். அந்த இரண்டு எலும்பிலும் பாரம் சமமாய் நிற்கவேண்டும். வெறும் நிலத்தில் இருந்தால் இறுகிய தொடைத்தசை இடுப்பெலும்பைப் பின்னுக்கு இழுக்கும். நாரி கூனிப் போகும். நாலு விரல் உயரம் ஏறி இருந்தால் இடுப்பு முன்னுக்குச் சாய வழி கிடைக்கும். முழங்காலை மடித்து, அதற்குக் கீழே சுருட்டிய சாரம் ஒன்றை வையுங்கோ. முழங்காலை மடித்தால் பிழை என்று யாரும் சொன்னால் கேட்கவேண்டாம்.

ஒரு நீளத் துவாயை எடுத்துப் பாதத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு நுனியையும் இரண்டு கையிலும் பிடியுங்கோ. மூச்சை உள்ளே எடுக்கும்போது தலை உச்சி மேலே போகிற மாதிரி முதுகை நிமிர்த்துங்கோ. வெளியே விடும்போது இடுப்பு மூட்டிலிருந்து இரண்டு விரல் அளவு மட்டும் முன்னுக்குச் சாயுங்கோ. நெஞ்சு முன்னுக்குப் போகவேண்டும். தலையைத் தொங்கப்போட்டு முதுகை வளைத்தால் நாரித்தட்டுகளில் பாரம் ஏறும். அந்த இடத்தில் நில்லுங்கோ. தொடையின் பின்பக்கம் நடுவில் ஓர் இழுவை தெரியும். அதுதான் தேடிய இடம். முழங்காலுக்கு நேர் பின்னால் இழுத்தாலோ, இருப்பெலும்புக்குக் கிட்டக் குத்தினாலோ, காலில் மின்சாரம் பாய்வதுபோல விறைத்தாலோ கூடிவிட்டது, பின்னுக்கு வாருங்கோ. மூச்சு சீராய்ப் போய்வருகிறதா என்று பாருங்கோ. பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்தால் உங்கள் அளவைத் தாண்டிவிட்டீர்கள். இந்த ஒரு சோதனை எல்லா ஆசனத்துக்கும் பொருந்தும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நாளில் மூச்சைத்தான் ஆசிரியராய் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஐந்தாறு ஆறுதலான மூச்சு நின்றால் அரை நிமிடம் ஆகிவிடும். அது போதும். 1994இல் அமெரிக்காவில் பாண்டி, இரியன் என்ற இரு ஆய்வாளர், தொடைத்தசை இறுகியவர்களைப் பிரித்து 15, 30, 60 விநாடி என்று நீட்டவைத்துப் பார்த்தார்கள். கிழமையில் ஐந்து நாள், ஆறு கிழமை. 15 விநாடியைவிட 30 விநாடி நல்ல பலன் தந்தது. 60 விநாடிக்கு நீட்டியதால் 30 விநாடியைவிட மேலதிகமாய் எதுவும் கிடைக்கவில்லை. வேலைக்குப் போய்வருகிறவருக்கு இதைவிட நல்ல செய்தி என்ன? ஒரு நாளில் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் தொடங்கிவிடலாம். ஞாயிறு மட்டும் ஒன்றரை மணித்தியாலம் செய்து திங்கள் நடக்க முடியாமல் கிடப்பதைவிடக் கிழமையில் ஐந்து நாள் பதினைந்து நிமிடம் மேல்.

ஆறு மாதம் செய்தும் சிலருக்குப் பத்மாசனம் வராது. ஆறு வருடத்திலும் வராமல் போகலாம். தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் பொருந்துகிற கோணமும் குழியின் ஆழமும் ஆளுக்காள் வேறு. எலும்போடு எலும்பு முட்டுகிற இடத்தில் எந்தப் பயிற்சியும் வேலைசெய்யாது. இங்கேதான் பெரிய ஆபத்து. முழங்கால் கதவுப் பிணைச்சல்போல ஒரு திசையில் மடங்கி விரிவதற்கே அமைந்தது. முறுக்குவதற்கு அதில் மிகக் குறைந்த இடந்தான். பத்மாசனத்துக்கு வேண்டிய திருப்பம் இடுப்பிலிருந்து வரவேண்டும். இடுப்பு திரும்ப மறுக்க, பாதத்தைப் பிடித்து இழுத்துத் தொடைமேல் போட்டால் அந்த முறுக்கு முழுக்க முழங்காலில் விழும். சவ்வு கிழிந்தால் பழையபடி ஆவது கஷ்டம். சப்பாணி கட்டும்போது முழங்கால் இடுப்பைவிட உயரமாய் நின்றால் இன்னும் ஒரு தலையணை கூடப் போட்டு உயர இருங்கோ. யாராவது பின்னால் வந்து உங்கள் முழங்காலைக் கையால் அமத்தினால் எழும்பி வந்துவிடுங்கோ.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். படுக்கையால் எழும்பின உடனே குனிகிற ஆசனம் வேண்டாம். இரவில் முள்ளந்தண்டுத் தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்து இருக்கும். எழும்பி முதல் மணித்தியாலத்தில் ஆழமாய்க் குனிந்தால் அவற்றில் பாரம் கூட. நாரி நோ உள்ளவர்கள் விடியற்காலையில் குனியாமல் இருந்ததால் நோ குறைந்தது என்று 1998இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. முற்றம் கூட்டி, கிணற்றடி வேலை முடித்து, உடம்பு சூடேறிய பிறகு செய்யுங்கோ. இல்லாவிட்டால் பின்னேரம் செய்யுங்கோ, இறுகிய உடம்புக்குப் பின்னேரம் இன்னும் நல்லது. வயிறு நிறையச் சாப்பிட்டால் மூன்று நான்கு மணித்தியாலம் பொறுக்கவேண்டும். ஒரு பிளேன்ரீ குடித்திருந்தால் பிழையில்லை. றபர் விரிப்பு வாங்கக் காசு இல்லாவிட்டால் பனையோலைப் பாயில் இருந்தும் படுத்தும் செய்யலாம். நின்று செய்கிறதற்கு மட்டும் பாய் வேண்டாம், மாபிள் நிலத்தில் அது வழுக்கும். வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நில்லுங்கோ.

பல வகுப்புகளில் முதல் நாளே சூரிய நமஸ்காரம் தொடங்குகிறார்கள். இறுகிய உடம்புக்கு அது அவசரம் என்பது என் கருத்து. பன்னிரண்டு நிலைகளை வேகமாய் மாற்றும்போது நாரியும் தோளும் என்ன செய்கின்றன என்று பார்க்க நேரமில்லை. அதைவிட, மதிலுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் இடுப்பு உயரத்தில் மதிலில் ஊன்றி, காலைப் பின்னுக்கு எடுத்து முதுகை நீட்டுவது நல்ல தொடக்கம். குப்புறப் படுத்து நெஞ்சை நாலு விரல் மட்டும் தூக்குகிற சிறிய புயங்காசனம், பகல் முழுக்கக் குனிந்து வேலைசெய்கிறவருக்கு, தோட்டக்காரர் ஆகட்டும், தையல் மெசினில் இருக்கிற அக்கா ஆகட்டும், குனிகிற ஆசனத்தைவிட முக்கியம். கடைசியில், மல்லாந்து அசையாமல் படுக்கிற சவாசனத்தை விடவேண்டாம். செய்ததை உடம்பு ஏற்கிற நேரம் அதுதான்.

நிலத்தில் இருக்கவே முடியாதவர்கள் எங்கள் ஊரில் நிறைய. சண்டைக் காலத்தில் கால் இழந்து ஜெய்ப்பூர் கால் போட்டவர்களும், உடம்பில் இன்னும் எறிகணைத் துண்டு கிடக்கிறவர்களும், முழங்கால் தேய்ந்த அம்மாமாரும் இருக்கிறார்கள். கதிரையில் இருந்து தோளைச் சுழற்றலாம், முதுகைத் திருப்பலாம், கையை மேலே நீட்டி மூச்சு எடுத்து விடலாம். ஐயங்கார் கதிரையைக் கொண்டுவந்தது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். அவர்கள் செய்வது முழு யோகாசனம், குறைந்த ஒன்றல்ல.

இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர், கண்ணில் அழுத்தம் உள்ளவர் தலைகீழாய்ப் போகிற ஆசனம் எதையும் செய்யக்கூடாது. நாரியில் தொடங்கிக் காலுக்கு நோ இறங்குகிறவர், கர்ப்பிணிகள், எலும்பு மெலிந்தவர்கள் வைத்தியரைக் கேட்டபின் தொடங்கவேண்டும். நீரிழிவால் பாதம் விறைத்தவர் மதிலைப் பிடித்து நிற்கவேண்டும். கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பு 1984இலிருந்து நடக்கிறது; அங்கே சித்த மருத்துவ போதனா வைத்தியசாலையும் இருக்கிறது. யோகம் சித்த மருத்துவத்தோடு சேர்ந்தது, ஆகையால் சித்த வைத்தியரிடம் இதைக் கேட்க வெட்கப்படவேண்டாம். ஆசிரியரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். முதல் நாள் உங்களை நிலத்தில் இருத்துமுன், என்ன வருத்தம், என்ன குளிசை, எங்கே சத்திரசிகிச்சை என்று கேட்கிறாரா பாருங்கோ. கேட்காதவர் எவ்வளவு வளைந்தாலும் உங்களுக்கு உதவமாட்டார்.

நாளைக்கே ஒரு துவாயும் ஒரு தலையணையும் எடுத்துவையுங்கோ. கிழமையில் ஐந்து நாள், பதினைந்து நிமிடம், ஆறு கிழமைக்கு உங்கள் உடம்பைக் கொடுத்துப் பாருங்கோ. இரவுச் சாப்பாட்டையும், முழங்கால் விட்டால், நிலத்தில் இருந்தே சாப்பிடுங்கோ. ஆறு கிழமை முடியவும் மூக்கு முழங்காலைத் தொடாது. அதை அளக்கவும் வேண்டாம். முதல் நாள் நிலத்திலிருந்து எழும்ப எத்தனை இடத்தில் கை ஊன்றினீர்கள் என்று குறித்துவைத்து, கடைசி நாளில் அதைமட்டும் ஒப்பிட்டுப் பாருங்கோ.